வேறு ஊரில் இருக்கும் டிரம்மரை வாசிக்க வைத்து வாங்குவது எப்படி?

கேள்வி இது: ஐந்து பாடல்கள் வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். டிரம்ஸ் மட்டும் மென்பொருளில் கட்டியது, கேட்கக் கேட்கச் சப்பென்று இருக்கிறது. சொந்த ஸ்டுடியோ வைத்திருக்கும் செஷன் டிரம்மர் (பணம் வாங்கிக்கொண்டு பிறர் பாடலுக்கு வாசிப்பவர்) ஒருவரைப் பிடித்து, அவர் இடத்திலிருந்தே வாசித்து அனுப்பச் சொல்லலாம் என்று நினைக்கிறீர்கள். ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது, என்னென்ன அனுப்புவது, எதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருஷமாக மிக்ஸிங் வேலை செய்கிறேன். இப்படி வந்த டிரம்ஸ் ட்ராக்குகள் என் கையில் நிறையப் புரண்டிருக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் சின்ன விஷயங்கள்தான் காலை வாருகின்றன.

ஒரே ஸ்டுடியோவில் நீங்களும் டிரம்மரும் இருந்தால் என்ன நடக்கும்? அவர் ஒரு தடவை வாசிப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்கள் பொத்தானை அழுத்தி, "ரெண்டாவது சரணத்துல ஹை-ஹாட்டை இன்னும் கொஞ்சம் மூடி வாசிங்க" என்பீர்கள். அவர் தலையாட்டுவார், அடுத்த டேக்கில் சரியாகிவிடும். மொத்தம் பத்து நொடி. ஒரு பாடலுக்கு இப்படி முப்பது நாற்பது சின்னப் பேச்சு நடக்கும். தூரத்தில் இருப்பவரிடம் வாங்கும்போது அந்தப் பேச்சு முழுக்கக் காணாமல் போகிறது. அவர் உங்கள் ஃபைலைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் அந்த முப்பது பேச்சையும் நீங்கள் அனுப்பும் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். பாடல் எப்படி வரும் என்பதில் பெரும்பங்கு, அவர் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே உங்கள் பக்கத்தில் தீர்மானமாகிவிடுகிறது. என்னிடம் வந்து சேர்ந்த சொதப்பல்களில் பெரும்பாலானவற்றில் வாசித்தவர் மேல் தவறே இல்லை. அவருக்குப் போன ஃபைலில்தான் தவறு.

முதலில் ஆள். சவுண்ட்பெட்டர், ஏர்கிக்ஸ் போன்ற தளங்களில் தேடலாம். உங்களுக்குத் தெரிந்த பாஸ், கிடார் வாசிப்பவர்களிடம் விசாரிப்பது அதைவிட நல்லது, ஒரு டிரம்மரின் அருமை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எப்படிக் கிடைத்தாலும், முதலில் வரும் பளபளப்பான டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் பாதி மிக்ஸ் செய்தவரின் வேலை. "உங்கள் ஸ்டுடியோவில் பதிவான ஒரு பாடலின் டிரம்ஸை மட்டும், எந்தப் பிராசஸிங்கும் போடாமல், ஒரு முப்பது நொடி அனுப்ப முடியுமா? ஸ்நேர் மைக்கைத் தனியாகவும் அனுப்பினால் உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த ஸ்நேர் (பளிச்சென்று வெடிக்கும் நடு டிரம்) ட்ராக்கை ஹெட்ஃபோனில் போட்டுக் கேளுங்கள். ஸ்நேர் மைக்கில் ஸ்நேர் மட்டும் விழாது. ஒரு முழம் தள்ளி இருக்கும் ஹை-ஹாட்டும் (மிதியால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) விழும். நல்ல செஷன் டிரம்மரிடம் ஸ்நேர் அடி கெட்டியாக முன்னால் நிற்கும், ஹை-ஹாட் பின்னால் மெலிசாக ஓடும். பழக்கமில்லாதவரிடம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தில் இருக்கும். அப்படி வந்த ட்ராக்கில் மிக்ஸில் ஸ்நேரைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கலாம் என்று மேல் அலைவரிசையை ஏற்றினால், ஹை-ஹாட் காதைக் குத்தும். கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டால் இன்னும் மோசம். அங்கே எந்த பிளக்-இன்னும் முழுதாகக் காப்பாற்றாது. இரண்டாவது, நான்காவது பீட்டில் விழும் அடிகள் எட்டுப் பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரே கனத்தில் இருக்கின்றனவா, குச்சி தோலின் ஒரே இடத்தில் படுகிறதா, நடுவில் வரும் கோஸ்ட் நோட்கள் என்ற சன்ன அடிகள் காதுக்கு எட்டுகிற அளவுக்கு மட்டும் மெல்லியதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இப்படி வாசிக்கிறவர்களைக் கையிலேயே மிக்ஸ் செய்கிறவர்கள் என்று சொல்வோம். அப்படி ஒருவர் கிடைத்தால், வேகமாக ஃபில் (வரிகளுக்கு இடையே வரும் உருட்டல்) வாசித்து மயக்குகிறவரைவிட அவரையே எடுங்கள்.

டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கில் இன்னொன்று தெரியும்: அறை. கூரை தாழ்ந்த சின்ன அறையில் சிம்பல் சத்தம் கூரையில் பட்டு உடனே மைக்குக்குத் திரும்பி வரும். டிரம்ஸ் மொத்தமும் ஒரு பெட்டிக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். நெருக்கமான, உலர்ந்த சத்தம் வேண்டிய பாடலுக்கு நன்றாகப் பஞ்சு வைத்த சின்ன அறை போதும். பெரிய, விரிந்த ராக் சத்தம்தான் வேண்டும் என்றால் அறையைக் கேட்டுவிட்டுத்தான் ஆளை முடிவு செய்ய வேண்டும். ரிவர்ப் போட்டு அறையைப் பெரிதாக்கலாம் என்பது பாதிதான் உண்மை, ஏற்கெனவே பதிவான சின்ன அறை அடியில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: அகௌஸ்டிக் டிரம்ஸா, எலக்ட்ரானிக் பேடில் வாசித்து மென்பொருள் சாம்பிள்களை ஒலிக்க வைப்பதா? இரண்டாவது முறையில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல கை பேடில் வாசித்தால், நீங்கள் மவுஸால் கட்டியதைவிட எவ்வளவோ உயிரோடு இருக்கும். பிறகு ஸ்நேரையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சிம்பலும் ஹை-ஹாட்டும் பாடலின் உயிர்நாடியாக இருக்கும் இடத்தில் அசல் கிட்டுக்கு ஈடு கிடையாது. எது வருகிறது என்று தெரிந்து பணம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கும்போது ஃபோனில் எடுத்த ஒரு வீடியோ கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

ஐந்து பாடலையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ரொம்பச் சுலபமானதும் வேண்டாம், ரொம்பக் கடினமானதும் வேண்டாம். வாசிப்பு மட்டுமல்ல, அவர் பதில் சொல்லும் விதம், ஃபைலுக்குப் பெயர் வைக்கும் ஒழுங்கு, சொன்ன நாளில் அனுப்புகிறாரா என்பதெல்லாம் அந்த ஒரு பாடலில் தெரிந்துவிடும்.

இனி நீங்கள் அனுப்ப வேண்டியவை. இங்கேதான் நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

டெம்போவைப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணோடு எழுதுங்கள். உங்கள் பாடல் 92.5 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்), நீங்கள் "92 பக்கம்" என்று எழுதி அனுப்பினால், நான்கு நிமிடப் பாடலின் கடைசியில் இரண்டு பீட் விலகிப் போயிருக்கும். நடுவில் டெம்போ மாறினால் டெம்போ மாற்றங்கள் அடங்கிய மிடி ஃபைலை ஏற்றுமதி செய்து சேர்த்து அனுப்புங்கள். அதோடு, கிளிக்கை (ஒவ்வொரு பீட்டுக்கும் 'டிக்' என்று அடிக்கும் ஒலியை) ஒரு ஆடியோ ட்ராக்காகவும் போட்டுவிடுங்கள். மிடி திறக்காவிட்டாலும் கிளிக் ஆடியோ காப்பாற்றும். பாடல் தொடங்குவதற்கு முன் இரண்டு பார் கிளிக் மட்டும் இருக்கட்டும். டிரம்மருக்கு அதுதான் மூச்சு எடுக்கும் இடம்.

கிளிக் இல்லாமல், கிடாரோடு பாடி அப்படியே பதிவு செய்த பாடல் என்றால் இரண்டு வழி உண்டு. உங்கள் வாசிப்பைப் பின்தொடர்ந்து பார் பாராக டெம்போ வரைபடம் போடலாம். இல்லை, ஒரு நிலையான டெம்போவை முடிவு செய்து கைடை, அதாவது டிரம்மர் கேட்டு வாசிக்கும் மாதிரிப் பதிவை, திரும்பப் பதிவு செய்யலாம். பாடலின் இழுவையும் தளர்வும் அதன் அழகு என்றால் முதல் வழி. வெறும் பழக்கக் குறைவால் ஆடியிருந்தால் இரண்டாவது, யோசிக்கவே வேண்டாம். கைடு கிடார் கிளிக்கை விட்டு முன்னும் பின்னும் ஓடினால், டிரம்மர் எதைப் பிடிப்பார்? கிளிக்கைப் பிடித்தால் கிடார் உதறும், கிடாரைப் பிடித்தால் கிளிக் உதறும். இரண்டுக்கும் நடுவில் தயங்கித் தயங்கி வாசித்த டேக்கை நான் கேட்டிருக்கிறேன். நல்ல டிரம்மர்தான். அந்தப் பாடலில் மட்டும் கைகள் கட்டிப்போட்டதுபோல இருந்தது. கைடை ஒழுங்காக வாசித்து அனுப்பியதும் அதே மனிதர் இரண்டே டேக்கில் முடித்துவிட்டார்.

எல்லா ஃபைலும் வேவ் வடிவத்தில், 24 பிட்டில், ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். அதாவது, குரல் ஒரு நிமிடம் கழித்து வந்தாலும், குரல் ஃபைல் பாடலின் பூஜ்யத்திலிருந்து, மௌனத்தோடு தொடங்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் இழுத்து முதல் பாரில் போட்டால் தானாகப் பொருந்த வேண்டும். எம்பி3 அனுப்பாதீர்கள். தரம் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் முன்னால் ஒரு துளி மௌனம் சேர்ந்துகொள்ளும். 25 மில்லிநொடி அளவு சேரலாம். 120 பிபிஎம்மில் ஒரு பதினாறாம் நோட் 125 மில்லிநொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனால் க்ரூவ் முழுக்கச் சோம்பலாகக் கேட்கும், ஏன் என்று தெரியாமல் எல்லாரும் முழிப்பார்கள்.

சாம்பிள் ரேட்டையும் (ஒலி நொடிக்கு எத்தனை தடவை அளக்கப்படுகிறது என்பதையும்) எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு தடவை 48 கிலோஹெர்ட்ஸில் வந்த டிரம்ஸை 44.1-இல் இருந்த என் செஷனில் மாற்றாமல் சேர்த்துவிட்டேன். நான்கு நிமிடப் பாடல் 21 நொடி நீண்டது, கிக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) டாமும் (உருட்டி வாசிக்கும் டிரம்) சுமார் ஒன்றரை செமிடோன் (அரைஸ்வரம்) கீழே இறங்கி மாவுபோல ஒலித்தன. இதுபோலப் பெரிதாகத் தவறினால் உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். ஆனாலும் அரை நாள் போனது. நீங்கள் எந்த ரேட்டில் வேலை செய்கிறீர்களோ அதிலேயே அவரும் பதிவு செய்யட்டும்.

கைடு மிக்ஸை இரண்டாக அனுப்புங்கள்: நீங்கள் கட்டிய டிரம்ஸோடு ஒன்று, டிரம்ஸ் இல்லாமல் ஒன்று. முதலாவது உங்கள் எண்ணத்தைச் சொல்லும், இரண்டாவதோடு சேர்ந்து அவர் வாசிப்பார். கைடு டிரம்ஸ் காதில் ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய வாத்தியக்காரரும் அதை நகலெடுக்கத்தான் செய்வார். இறுதியிலும் பாடலில் இருக்கப்போகிற தாள வாத்தியங்கள் ஏதாவது இருந்தால், உதாரணமாக ஒரு ஷேக்கர் லூப், ஒரு டம்பூரின், அவற்றைத் தனி ஃபைலாக அவசியம் அனுப்புங்கள். அவற்றின் அசைவோடு பொருந்தி வாசிக்காவிட்டால், ஹை-ஹாட்டும் ஷேக்கரும் இரட்டை அடியாக விழுந்து, மிக்ஸில் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டி வரும்.

பாஸ் டெமோவும் குரலும் கண்டிப்பாக வேண்டும். குரல் இல்லாமல் அனுப்புகிறவர்கள் அதிகம். "இன்னும் சரியாகப் பாடவில்லை" என்று கூச்சப்படுவார்கள். சுமாராகப் பாடியதே போதும். டிரம்மர் குரலைச் சுற்றித்தான் வாசிக்கிறார். வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் ஃபில் உட்கார வேண்டும். வரியின் கடைசிச் சொல்லின் மேல் டாம் உருண்டால் அந்தச் சொல்லே போய்விடும். உங்கள் மொழி அவருக்குத் தெரியாவிட்டால், எந்தப் பாரில் வரி முடிகிறது என்று குறித்துக் கொடுங்கள். பாஸை மட்டும், இறுதி வடிவத்தை இப்போதே பதிவு செய்துவிடாதீர்கள். டிரம்ஸ் வந்த பிறகு அந்தக் கிக்கைக் கேட்டுக்கொண்டு வாசித்த பாஸ் வேறு ரகமாக இருக்கும்.

அப்புறம் குறிப்பு. "நல்ல எனர்ஜியா, ஆனா ஓவரா வேணாம், ஃபீலோட வாசிங்க" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எனக்கு வந்ததிலேயே உபயோகமான குறிப்பு கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"முன்னிசை 8 பார்: டிரம்ஸ் வேண்டாம், எட்டாவது பாரின் கடைசி பீட்டில் மட்டும் ஒரு சின்ன பிக்-அப். பல்லவி 16 பார்: கிராஸ்-ஸ்டிக், மூடிய ஹை-ஹாட், கிக் பாஸோடு சேர்ந்து. இந்தக் கிக் பேட்டர்ன் பாடலின் அடையாளம், மாற்ற வேண்டாம். முதல் சரணம்: அதே வாசிப்பு, முழு ஸ்நேர். இரண்டாவது பல்லவியிலிருந்து ரைடு. 2 நிமிடம் 40-இல் வரும் இடையிசை 8 பார் முழுக்க உங்களுடையது, நான் கட்டியதை மறந்துவிடுங்கள். கடைசிப் பல்லவியில்தான் பாடலின் உச்சம், அதுவரை கிராஷ் அடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிவு: கடைசி சிம்பல் தானாக அடங்கும்வரை அசையாமல் இருங்கள்."

இதில் எனக்குப் பிடித்தது, எது கட்டாயம், எது சுதந்திரம் என்று பிரித்திருந்தது. எல்லாவற்றையும் கட்டாயம் ஆக்கினால் மென்பொருளே போதுமே. எல்லாவற்றையும் "உங்கள் இஷ்டம்" என்று விட்டால், அவர் உங்கள் மனதில் இருப்பதை ஊகிக்க வேண்டும், பிறகு நீங்கள் திருத்தம் கேட்க வேண்டும். நீங்கள் கட்டிய டிரம்ஸில் ஒரு கை ஹை-ஹாட்டில் ஓடும்போதே இரண்டு கைகள் டாமில் உருளும் இடங்கள் இருக்கும். திரையில் மூன்று கை இருப்பது தெரியாது. அதை எப்படி வாசிக்கலாம் என்று அவர் ஒரு வழி கண்டுபிடிப்பார். பல நேரம் அது நீங்கள் கட்டியதைவிட நன்றாக இருக்கும், அந்த இடம் கொடுங்கள்.

ரெஃபரன்ஸ் பாடல் இரண்டு போதும். எதற்காக அனுப்புகிறீர்கள் என்று சொல்லுங்கள்: இதில் ஸ்நேரின் உலர்ந்த சத்தத்துக்காக, அதில் கிளிக்குக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து உட்காரும் ஹை-ஹாட்டுக்காக. காரணம் சொல்லாமல் பத்துப் பாடல் அனுப்பினால் பத்து அர்த்தம் வரும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த மைக் வைத்திருக்கிறார் என்பதைவிட, எந்த ஸ்நேர், என்ன சுருதி, அதன் அதிர்வை எவ்வளவு அடக்கியிருக்கிறார் என்பது பல மடங்கு முக்கியம். ஸ்நேருக்கு எஸ்எம்57 என்ற மைக் 1965-இலிருந்து இருக்கிறது, இன்றும் பெரும்பாலான ஸ்டுடியோக்களில் அதுதான் நிற்கிறது. வேறுபாடு அங்கே இல்லை. பித்தளை ஸ்நேரை இறுக்கிக் கட்டினால் 'டக்' என்று வெடிக்கும். மர ஸ்நேரைத் தளர்த்தி மேலே ஒரு துணியைப் போட்டால் 'தொப்' என்று உட்காரும். ஒரே பாடல் இந்த இரண்டில் வேறு இரண்டு பாடலாகிவிடும். இதை மிக்ஸில் மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டேக் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று ஸ்நேரில் நான்கு பார் வாசித்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, மொத்த ஆல்பத்தின் முகம் அதில் இருக்கிறது.

மைக் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். கிளின் ஜான்ஸ் என்ற எஞ்சினியரின் பெயரால் வழங்கும் முறையில் கிட்டுக்கு மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று என நான்கு மைக்தான். மேலேயும் பக்கத்திலும் இருக்கும் இரண்டும் ஸ்நேரிலிருந்து சரிசமமான தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் உயிர். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லிநொடி ஆகிறது. தூரங்கள் பொருந்தாவிட்டால் ஒரே அடி வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு மைக்கை அடைந்து, சேர்க்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்நேர் கனமில்லாமல் போகும், கிக் வயிறு இல்லாமல் போகும். பதினாறு மைக் வைத்துத் தூரத்தைக் கவனிக்காதவரைவிட, நான்கு மைக்கைக் கவனமாக வைத்தவரின் ட்ராக்கை நான் சந்தோஷமாக மிக்ஸ் செய்வேன்.

என்னென்ன வர வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிராசஸிங்கும் போடாத தனித்தனி ட்ராக்குகள், அவர் கையோடு செய்த ஒரு தோராய மிக்ஸ், இரண்டாவதாக ஒரு முழு டேக், முடிந்தால் ஒவ்வொரு டிரம்மையும் தனியாக மென்மையாகவும் பலமாகவும் அடித்த சில ஒற்றை அடிகள். கடைசியாகச் சொன்னது பெரிய புண்ணியம்: எங்கோ ஒரு கிக் அடி மெலிந்துவிட்டால், அதே கிட்டின் அதே கிக்கால் தாங்கிக் கொடுக்கலாம். அளவும் சொல்லிவிடுகிறேன், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. 12 ட்ராக், நான்கு நிமிடம் என்றால் ஒரு டேக்குக்கே 415 எம்பி வரும்.

திருத்தம் பற்றிய பேச்சில்தான் உறவுகள் கசக்கின்றன. இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். குறிப்பில் இருந்ததை அவர் தவறவிட்டால் அது திருத்தம், செலவு அவருடையது. நீங்கள் பிறகு மனம் மாறினால் அது புது வேலை, அதற்குப் பணம் கொடுப்பதுதான் முறை. இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். அதைவிட முக்கியமாக, "மைக்கும் கிட்டும் இப்படியே எத்தனை நாள் இருக்கும்?" என்று கேளுங்கள். அடுத்த வேலைக்காகக் கிட்டைக் கலைத்து, தோலை இறக்கி, மைக்கை நகர்த்திவிட்டால், ஒரு ஃபில்லை மட்டும் திரும்ப வாசித்துச் சேர்ப்பது நடக்காத காரியம். ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். ஆகவே அவர் தோராய மிக்ஸை அனுப்பியதும் அன்றே போட்டுக் கேளுங்கள், செட்டப் கலைவதற்குள் பதில் சொல்லுங்கள். குழுவாக இருந்தால் நான்கு பேரும் தனித்தனியாக எழுதாதீர்கள். ஒருவர் எல்லாருடைய கருத்தையும் சேர்த்து, முரண்பாட்டைத் தீர்த்து, நிமிடம் நொடியோடு ஒரே செய்தியாக அனுப்பட்டும். "1:52, ஃபில் பாதி நீளம் போதும்." இப்படி.

நேரலையில் கேட்டுக்கொண்டே வாசிக்கவும் வழி இருக்கிறது. ஆடியோமூவர்ஸின் லிசன்டோ போன்றவை அவருடைய செஷனின் சத்தத்தை நல்ல தரத்தில் உங்கள் காதுக்கு அனுப்பும், பக்கத்தில் ஒரு வீடியோ அழைப்பில் பேசிக்கொள்ளலாம். சிக்கலான பாடல் ஒன்றுக்கு மட்டும் இப்படிச் செய்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் வேண்டாம். தோளுக்குப் பின்னால் ஆள் நிற்காதபோதுதான் சிலர் நன்றாக வாசிக்கிறார்கள்.

பணம்: தளத்தின் வழியாக என்றால் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை அவர்களே பிடித்து வைத்திருப்பார்கள். நேரடியாக என்றால் பாதி முன்பணம், தோராய மிக்ஸ் பிடித்ததும் மீதி, அதன் பிறகு தனி ட்ராக்குகள் என்ற வரிசை இரண்டு பக்கமும் நியாயமானது. வேலைக்குப் பேரம் பேசி நசுக்காதீர்கள். அவர் வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் விலை சொல்லவில்லை. சுருதி சேர்க்க, மைக் வைக்க, உங்கள் பாடலைப் பத்துத் தடவை கேட்க, எடிட் செய்ய, ஏற்றுமதி செய்ய எல்லாம் அதில் அடக்கம்.

உரிமையை எழுத்தில் வையுங்கள், ஒரு பக்கம் போதும். ஒரு பதிவில் வாசித்தவருக்குத் தன் வாசிப்பின் மேல் உரிமை உண்டு என்பதை 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையிலிருந்தே பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எனவே, பதிவை வெளியிட, பல தளங்களில் ஓடவிட, படத்துக்கோ விளம்பரத்துக்கோ கொடுக்க அவர் சம்மதம் கொடுக்கிறார், அதற்கு இந்த ஒருமுறைக் கட்டணம் போதும் என்று இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்றை மட்டும் தனியாக யோசியுங்கள்: அவர் வாசித்த டிரம்ஸை வெட்டி வேறு பாடலில் பயன்படுத்துவது, சாம்பிளாக விற்பது. 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் பதிவு ஒன்றில் கிரிகரி கோல்மன் வாசித்த நான்கே பார், பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அந்த டிரம்மருக்கு அதிலிருந்து ராயல்டி எதுவும் போய்ச் சேரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கஷ்டப்படும். ஆகவே "இந்தப் பாடலுக்கு மட்டும்; வேறெதற்கும் வேண்டுமானால் தனியாகப் பேசிக்கொள்வோம்" என்று எழுதிவிடுவதே நேர்மை. வாசித்தவர் பெயரை வெளியீட்டின் விவரங்களில் போடுங்கள். அவர் விரும்பும் எழுத்துக்கூட்டலைக் கேட்டு, அப்படியே.

ஃபைல்கள் வந்ததும், மீதிப் பணம் அனுப்புவதற்கு முன், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் போட்டு, கிளிக்கோடு முதல் பாரையும் கடைசிப் பாரையும் பாருங்கள். இரண்டு முனையும் பொருந்தினால் நடுவும் பெரும்பாலும் சரி. ஒவ்வொரு ட்ராக்காகத் தனியே கேளுங்கள், எங்காவது உடைந்த சத்தம், கிளிப்பிங் (அளவு மீறிப் பதிவானது), பாதியில் நின்ற மைக் இருக்கிறதா என்று. உச்சங்கள் மைனஸ் 6 முதல் மைனஸ் 10 டெசிபலுக்குள் இருந்தால் நிம்மதி. சத்தம் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், 24 பிட்டில் ஏற்றிக்கொள்ள நிறைய இடம் உண்டு. பிறகு ஸ்நேரின் மேல் மைக்கையும் கீழ் மைக்கையும் சேர்த்துப் போட்டு, கீழ் மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் ஸ்நேருக்கு வயிறு வருகிறதோ அதுதான் சரி. அடுத்து அதே சோதனையை ஓவர்ஹெட்டோடும் கிக்கோடும் செய்யுங்கள்.

எடிட் செய்யும் ஆசை வரும். திரையில் அடிகள் கோட்டுக்குச் சற்று முன்னும் பின்னும் இருப்பது தெரியும். எல்லாவற்றையும் கோட்டில் நிறுத்தத் தோன்றும். முதலில் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். காதுக்கு உறுத்தும் இடத்தை மட்டும் தொடுங்கள், தொடும்போது எல்லா டிரம்ஸ் ட்ராக்குகளையும் ஒரே குழுவாகச் சேர்த்து வெட்டுங்கள். ஸ்நேர் மைக்கை மட்டும் நகர்த்தினால், ஓவர்ஹெட்டில் இருக்கும் அதே ஸ்நேர் அடி பழைய இடத்திலேயே நின்று இரண்டாகக் கேட்கும்.

அதன் பிறகு பாஸைப் புதிதாக வாசியுங்கள், தேவைப்பட்டால் தாளக் கிடாரையும். முதல் பாடலின் மிக்ஸ் ஒரு வடிவத்துக்கு வந்ததும் டிரம்மருக்கு அனுப்பி, அவர் வாசித்தது கடைசியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். எந்த ஸ்நேர் பாடலுக்குள் அமுங்கியது, எந்தச் சிம்பல் அதிகமாகத் தெரிந்தது என்று அவருக்கே தெரியும். மீதி நான்கு பாடலுக்கும் கிட்டை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு உட்காருவார். அந்த நான்கையும் முடிந்தால் ஒரே வாரத்தில், ஒரே செட்டப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.